ஐம்பதைக் காக்கும் கணக்கு

மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை



எங்கள் ஊர் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, பணகுடிப் பக்கம். வீட்டு வாசலில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள்தான். சென்ற ஆடி மாதம் ஒரு நாள் விடியற்காலையில் நல்ல காற்று. வாழை இலையெல்லாம் கிழிந்து தொங்குகிறது. ஆனால் தெற்கே ஒரு வரிசைக் காற்றாடிகள் மட்டும் அசையாமல் நிற்கின்றன. அப்பா கேட்டார்:

"ஏம்ல, காத்து இந்தப் போடு போடுது, காத்தாடி எல்லாம் சும்மா நிக்கு? நீ கரண்டுக்குத்தான படிக்க, சொல்லு பாப்போம்."

"ரிப்பேரா இருக்கும்ப்பா" என்று சொல்லி நழுவப் பார்த்தேன்.

"இருவது காத்தாடிக்கும் ஒரே நாள்லயா ரிப்பேர் வரும்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே கரண்ட் சம்பந்தமான எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று அப்பா நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காக புத்தகங்களைப் புரட்டியும், ஆசிரியர்களைத் தொந்தரவு செய்தும் தெரிந்துகொண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதுபோல ஒரு அப்பா இருப்பார். அவருக்குச் சொல்ல உதவும்.

கரண்டுக்குக் குடோன் கிடையாது

நெல் அதிகமாக விளைந்தால் குடோனில் அடுக்கி வைக்கலாம். தண்ணீர் அதிகமாக வந்தால் குளத்தில் தேக்கலாம். மின்சாரம் அப்படி இல்லை. நீங்கள் சுவிட்சைப் போடும் அந்த நொடியில், அந்த பல்புக்கு வேண்டிய மின்சாரம் எங்கோ ஒரு ஜெனரேட்டரில் உற்பத்தியாக வேண்டும். கம்பிக்குள் ஸ்டாக் எதுவும் கிடையாது. பேட்டரிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் 2024 மே 30 அன்று இந்தியாவின் மொத்தத் தேவை சுமார் 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. அதே மாதம் 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை மட்டும் 20,830 மெகாவாட். இந்த அளவுக்கு முன்னால் பேட்டரிகளின் பங்கு இன்னும் சிறியதுதான்.

எனவே வரவும் செலவும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். சமமாக இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோடிக்கணக்கான மீட்டர்களை நொடிக்கு நொடி படிக்க முடியுமா? தேவையில்லை. ஒரே ஒரு எண் சொல்லிவிடும். அதுதான் அதிர்வெண், அதாவது ஃப்ரீக்வென்சி. நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ்.

மெஷின்ஸ் லேபில் ஒரு மின்தொகுப்பு

இதைப் புரிந்துகொள்ள பவர் ஹவுஸுக்குப் போக வேண்டியதில்லை. நம் மெஷின்ஸ் லேபிலேயே பார்க்கலாம். டிசி ஷன்ட் மோட்டாரோடு கப்ளிங் போட்ட ஆல்டர்னேட்டர் செட் நமக்கெல்லாம் தெரியும். ரெக்கார்டில் எழுதி கையெழுத்து வாங்குவதோடு அதை விட்டுவிடுகிறோம்!

ஆல்டர்னேட்டர் நான்கு துருவம் உள்ளது என்று வைத்துக்கொள்வோம்.

சுற்றுவேகம் = 120 × அதிர்வெண் ÷ துருவங்கள்

120 × 50 ÷ 4 = 1500. ஆகவே 1500 சுற்று வேகத்தில் ஓட்டினால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். இப்போது லேம்ப் லோடில் ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். பல்பு எரிய எரிய மோட்டாரின் சத்தம் மாறும். டேக்கோமீட்டரை வைத்துப் பாருங்கள், வேகம் குறைந்திருக்கும். 1470-க்கு வந்தால் 49 ஹெர்ட்ஸ். உடனே மோட்டாரின் ஃபீல்டு ரியோஸ்டாட்டைச் சற்று நகர்த்தி வேகத்தை மறுபடி 1500-க்குக் கொண்டுவருகிறோம். இப்போது எல்லா பல்பையும் ஒரே நேரத்தில் அணைத்தால் என்ன ஆகும்? மெஷின் கத்திக்கொண்டு வேகம் எடுக்கும். லேப் அட்டெண்டர் அண்ணன் ஓடி வருவார்!

மின்தொகுப்பும் இதேதான். லேம்ப் லோடுக்குப் பதிலாக வீடு, தறி, பம்ப்செட், ரயில், ஆலை. டிசி மோட்டாருக்குப் பதிலாக நீராவி டர்பைன், நீர் டர்பைன். ரியோஸ்டாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாணவனுக்குப் பதிலாக கவர்னர். தேவை அதிகமானால் அதிர்வெண் இறங்கும். உற்பத்தி அதிகமானால் ஏறும். தராசு முள் மாதிரி.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் லேபில் இருப்பது ஒரே ஒரு மெஷின். மின்தொகுப்பிலோ நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. கூடங்குளத்தில் சுற்றும் ரோட்டாரும் இமயமலை அடிவாரத்தில் சுற்றும் ரோட்டாரும் இன்று ஒரே அதிர்வெண்ணில் கட்டுண்டவை.

முதல் சில நொடிகள்: சுழலும் எடை

திடீரென்று ஒரு பெரிய ஜெனரேட்டர் ட்ரிப் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லோடு அப்படியே இருக்கிறது. குறைந்துபோன மின்சாரம் அந்த நொடியில் எங்கிருந்து வரும்? சுற்றிக்கொண்டிருக்கும் மற்ற ரோட்டார்களின் இயக்க ஆற்றலில் இருந்து வரும். பெடலை நிறுத்திய பிறகும் சைக்கிள் கொஞ்ச தூரம் ஓடுகிறதல்லவா, அதுபோல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 250 எம்விஏ ஜெனரேட்டர் ஒன்று. அதன் இனர்ஷியா மாறிலி 4 நொடி. அப்படியானால் சுழலும் எடையில் உள்ள ஆற்றல் 250 × 4 = 1000 மெகாஜூல். இது தனியாக ஒரு ஊருக்கு மின்சாரம் கொடுக்கும்போது திடீரென்று 10 மெகாவாட் லோடு கூடிவிட்டது. அதிர்வெண் இறங்கும் வேகம்:

10 × 50 ÷ (2 × 1000) = நொடிக்கு 0.25 ஹெர்ட்ஸ்

நான்கே நொடியில் ஒரு ஹெர்ட்ஸ் போய்விடும். இதே 10 மெகாவாட், நூற்றுக்கணக்கான மெஷின்கள் சேர்ந்த பெரிய தொகுப்பில் கூடினால் முள் அசைவதே தெரியாது. தனித்தனியாக இருந்த மின்நிலையங்களை ஒன்றோடொன்று இணைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். 1932-ல் பைக்காரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று ஆரம்பித்த நம் மாநிலத்து மின்சாரம் இன்று நாடு முழுவதற்குமான தொகுப்பில் ஒரு கண்ணி.

அடுத்த அரை நிமிடம்: கவர்னர்

சுழலும் எடை நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் யாராவது உற்பத்தியைக் கூட்ட வேண்டும். அது கவர்னரின் வேலை. வேகம் குறைவதை உணர்ந்ததும் நீராவி வால்வைக் கூடுதலாகத் திறக்கும்.

எவ்வளவு திறக்கும்? இங்கேதான் "ட்ரூப்" என்ற விஷயம் வருகிறது. தேர்வுக்கு டெஃபினிஷன் மனப்பாடம் செய்தோம், பொருள் புரியவில்லை. தூத்துக்குடி அனல் மின்நிலையத்தில் அமைத்தவை தலா 210 மெகாவாட் செட்டுகள். அதுபோன்ற ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். ட்ரூப் 5 சதவீதம். 50-ல் 5 சதவீதம் 2.5 ஹெர்ட்ஸ். அதாவது அதிர்வெண் 2.5 ஹெர்ட்ஸ் மாறினால் இந்த செட் தன் முழு 210 மெகாவாட்டையும் மாற்றும். அப்படியானால் 0.1 ஹெர்ட்ஸ் குறைந்தால்?

210 × 0.1 ÷ 2.5 = 8.4 மெகாவாட்

500 மெகாவாட் செட்டும் அதே 5 சதவீத ட்ரூப்பில் இருந்தால் 20 மெகாவாட் கொடுக்கும். பெரியவன் பெரிய சுமை, சின்னவன் சின்ன சுமை. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமலே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். செட் ஏற்கனவே முழு லோடில் ஓடினால் கவர்னர் வால்வைத் திறந்தும் பயன் இல்லை. கொஞ்சம் இடம் மிச்சம் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதற்குத்தான் ரிசர்வ் என்று பெயர்.

கவர்னர் விழுவதைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் பழைய 50-க்குத் தூக்கி நிறுத்தாது. அந்த வேலைக்குத் தானியங்கி உற்பத்திக் கட்டுப்பாடு இருக்கிறது. கண்ட்ரோல் சென்டரில் உள்ள கம்ப்யூட்டர் சில நொடிகளுக்கு ஒருமுறை "இவ்வளவு கூட்டு, இவ்வளவு குறை" என்று மின்நிலையத்துக்குச் சிக்னல் அனுப்பும். நம் நாட்டில் இது 2018-ல் தாத்ரி அனல் நிலையத்தில் முன்னோட்டமாக ஆரம்பித்து, பிறகு மற்ற நிலையங்களுக்கும் விரிந்தது.

நாளைய கணக்கை இன்றே போடுவது

இதெல்லாம் எதிர்பாராமல் வருவதற்கு. பெரும்பாலான சமநிலை முந்தின நாளே போடப்படுகிறது. ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 கூறுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கூறிலும் தேவை எவ்வளவு இருக்கும், எந்த நிலையம் எவ்வளவு தர வேண்டும் என்று அட்டவணை தயாராகிறது. மாநிலத்துக்குச் சென்னையிலும், தென் மண்டலத்துக்குப் பெங்களூரிலும், நாட்டுக்கு டெல்லியிலும் லோடு டெஸ்பாட்ச் சென்டர்கள் இரவு பகலாக இதைக் கவனிக்கின்றன.

தேவையை எப்படி முன்கூட்டியே சொல்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும். மனிதர்கள் பழக்கத்துக்கு அடிமை என்பதுதான் ரகசியம். காலையில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது, சாயங்காலம் விளக்கு, கோடையில் இரவு முழுவதும் ஏசி, மழை பெய்தால் பம்ப்செட் நிற்பது, தீபாவளியன்று ஆலைகள் மூடுவது என்று எல்லாம் அந்த வளைகோட்டில் தெரியும்.

அட்டவணையை மீறினால் காசு. 2002, 2003 ஆண்டுகளில் ஏபிடி என்ற கட்டண முறை மண்டலம் மண்டலமாக வந்தது. அதிர்வெண் குறைந்திருக்கும் நேரத்தில் ஒரு மாநிலம் கூடுதலாக இழுத்தால் அதிக விலை கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கூடுதலாக உற்பத்தி செய்பவருக்கு நல்ல விலை கிடைக்கும். அதற்கு முன்பெல்லாம் அதிர்வெண் 48-க்கும் 51-க்கும் இடையே அலைந்துகொண்டிருந்தது என்று மூத்த பொறியாளர்கள் சொல்வார்கள். இன்று 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் வைக்க வேண்டும் என்பது விதி.

கை நழுவினால்

49 ஆனால் என்ன, ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதானே என்று நானும் நினைத்திருந்தேன். அது தவறு. பெரிய நீராவி டர்பைனின் கடைசிக் கட்ட பிளேடுகள் நீளமானவை. குறிப்பிட்ட சில வேகங்களில் அவை அதிர ஆரம்பித்து உடைந்துபோகும். மேலும் பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பும், காற்று இழுக்கும் ஃபேனும் அதே மின்சாரத்தில் ஓடும் மோட்டார்கள். அதிர்வெண் குறைந்தால் அவையும் மெதுவாகும், உற்பத்தி மேலும் குறையும், அதிர்வெண் இன்னும் இறங்கும். பள்ளத்தில் உருளும் வண்டி மாதிரி.

இதைத் தடுக்க சப்-ஸ்டேஷன்களில் அண்டர் ஃப்ரீக்வென்சி ரிலேக்கள் உண்டு. 49.4 ஹெர்ட்ஸில் தொடங்கி, இறங்க இறங்கப் படிப்படியாக ஃபீடர்களைத் துண்டித்துவிடும். நாலு ஊரை இருட்டாக்கி நானூறு ஊரைக் காப்பாற்றும் கணக்கு இது.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதை 2012-ல் நாடு பார்த்தது. வட மாநிலங்கள் தங்கள் பங்கைவிட அதிகமாக இழுத்துக்கொண்டிருந்த நேரம். ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் ட்ரிப் ஆனது. லைனில் ஃபால்ட் எதுவும் இல்லை. லோடு மிக அதிகமாக இருந்ததால், டிஸ்டன்ஸ் ரிலே அதை ஃபால்ட் என்று எடுத்துக்கொண்டது. வட மண்டலத்தில் சுமார் 36,000 மெகாவாட் இருளில் மூழ்கியது. மறுநாள் மதியம் 1 மணிக்கு மறுபடியும் அதே கதை. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்களும் விழுந்தன. சுமார் 48,000 மெகாவாட், 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள். லோடைக் குறைத்துக் காப்பாற்றியிருக்க வேண்டிய ரிலேக்கள் பல இடங்களில் போதிய அளவு வேலை செய்யவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அப்போது தென் மண்டலம் டிசி லைன்கள் வழியாக மட்டுமே மற்ற மண்டலங்களோடு இணைந்திருந்ததால் தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக நாமும் ஒரே தொகுப்பில் சேர்ந்தோம். இன்று பலமும் பொது, ஆபத்தும் பொது.

ஒன்பது நிமிடம்

குறைந்தால் மட்டும்தான் ஆபத்தா? இல்லை. 2020 ஏப்ரல் 5 இரவு நினைவிருக்கிறதா? கொரோனா ஊரடங்கு. இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்குகளை அணைத்துவிட்டு அகல் விளக்கு ஏற்றச் சொன்னார்கள். நாங்களும் தெருவில் நின்றோம். அந்த நேரத்தில் கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் நிலை என்ன என்று இப்போதுதான் தெரிகிறது.

12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். உண்மையில் குறைந்தது சுமார் 31,000 மெகாவாட்! ஆலைகளெல்லாம் மூடிக் கிடந்த காலம், ஆகவே மொத்தத் தேவையே சுமார் 1,17,000 மெகாவாட்தான். அதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல், சில நிமிடங்களில் காணாமல் போனது. நிலக்கரி செட்டை அவ்வளவு வேகமாகக் குறைக்க முடியாது. பாய்லர் சூடு ஒத்துக்கொள்ளாது. எனவே முன்கூட்டியே அனல் நிலையங்களைத் தாழ்த்தி, நீர்மின் நிலையங்களை ஏற்றி வைத்துக் காத்திருந்தார்கள். 8.45-க்கு சுமார் 25,500 மெகாவாட்டில் இருந்த நீர்மின் உற்பத்தியை 9.10-க்குள் சுமார் 8,000-க்கு இறக்கினார்கள். விளக்குகள் திரும்பியதும் மறுபடி ஏற்றினார்கள். அந்த நேரத்தில் அதிர்வெண் 49.70-க்குக் கீழே போகவும் இல்லை, 50.26-க்கு மேலே ஏறவும் இல்லை. நாட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சரியாக நடந்த வேலை வெளியே தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் கேள்விக்குப் பதில்

இப்போது காற்றாடிக்கு வருவோம். தென்மேற்குப் பருவத்தில் மே முதல் செப்டம்பர் வரை நம் கணவாயில் காற்று. நள்ளிரவுக்குப் பிறகு மக்கள் தூங்கிவிடுகிறார்கள், தேவை குறைவு. ஆனால் காற்று தூங்குவதில்லை. உற்பத்தி தேவையை மிஞ்சப் பார்க்கும். அப்போது முதலில் நீர்மின் நிலையங்களை நிறுத்துவார்கள். தண்ணீர் அணையில் பத்திரமாக இருக்கும். அடுத்து நிலக்கரி செட்டுகளைத் தாழ்த்துவார்கள். ஆனால் ஓர் அளவுக்குக் கீழே போனால் தீ நிலையாக எரியாது. 2016-ல் வந்த விதிப்படி மத்திய நிலையங்களுக்கு அந்தக் குறைந்த அளவு 55 சதவீதம். ஒரேயடியாக அணைத்துவிட்டால் மறுநாள் காலைத் தேவைக்குள் பாய்லரைத் திரும்பச் சூடேற்றுவது கஷ்டம். பிறகு மற்ற மாநிலங்களுக்கு விற்கலாம். அதற்கும் லைனில் இடம் வேண்டும்.

இன்னொரு வழி கடம்பாறை. கோவை மாவட்டத்தில் மலைக்குள் குடைந்த நிலையம், 100 மெகாவாட் வீதம் நான்கு செட்டுகள், 1980-களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மிச்சமாகும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையின் தண்ணீரை மேலே கடம்பாறை அணைக்கு பம்ப் செய்வார்கள். தேவை கூடும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். இதுபோன்ற நிலையங்களில் நாலு யூனிட் செலவழித்தால் சுமார் மூன்று யூனிட் திரும்பும். நஷ்டம் மாதிரி தோன்றினாலும், வேண்டாத நேரத்து மின்சாரத்தை வேண்டிய நேரத்துக்கு மாற்றும் கூலி அது.

இத்தனைக்கும் பிறகும் மிஞ்சினால், அல்லது லைன் தாங்காவிட்டால், காற்றாலைகளை நிறுத்தச் சொல்வார்கள். அன்று விடியற்காலையில் நின்ற காற்றாடிகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது நான் வந்த முடிவு.

சூரிய மின்சாரம் வந்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் கடினமாகியிருக்கிறது. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் மட்டும் 648 மெகாவாட் அமைத்தார்கள். மதியம் தாராளம். பொழுது சாயும் நேரத்தில் சூரியன் போகிறது, அதே நேரத்தில் வீடுகளில் விளக்கு எரிகிறது. அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் வேறு யாராவது வேகமாக ஏற வேண்டும். தவிர, சோலார் இன்வெர்ட்டரில் சுழலும் எடை கிடையாது. முதல் சில நொடிகளைத் தாங்கும் ரோட்டார்கள் குறைந்துகொண்டே போகின்றன. அதற்குப் பதிலாக பேட்டரியும், பம்ப் செய்யும் நீர்மின் நிலையங்களும், புதிய வகை இன்வெர்ட்டர்களும் வேண்டும். நண்பர்களே, நாம் வேலைக்குப் போகும்போது நம் கைக்கு வரப்போகும் வேலை இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்று நம் ஊரில் கரண்ட் போவதற்கெல்லாம் தொகுப்பில் பற்றாக்குறை என்று அர்த்தம் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போனாலும், கம்பியில் மட்டை விழுந்தாலும் நம் தெரு மட்டும் இருட்டாகும். பக்கத்து ஊரில் விளக்கு எரிந்தால், கோளாறு நம் பக்கத்தில்தான்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னேன். லேம்ப் லோடு கதை அவருக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப, அந்தக் கரண்ட் கட்டு வருசத்துல தோட்டத்துக்கு நடுராத்திரி மூணு பேஸ் விட்டாம்லா, நான் டார்ச் லைட்ட எடுத்துட்டு பாம்பு பூச்சின்னு பாக்காம மோட்டார் போடப் போனம்லா, அதுவும் இந்தக் கணக்குத்தானா?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஆமாம், அதுவும் இதே கணக்குத்தான். பகலில் எல்லா பம்ப்செட்டும் சேர்ந்து ஓடினால் தாங்காது என்று குரூப் குரூப்பாகப் பிரித்து, தேவை குறைந்த ராத்திரிக்குச் சிலரைத் தள்ளியிருந்தார்கள். வளைகோட்டில் இருந்த பள்ளத்தை நிரப்பியது அப்பாவின் மோட்டார். பவர் சிஸ்டம்ஸ் புத்தகத்தில் இதை "லோடு ஷிஃப்டிங்" என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்து மார்க் வாங்கினேன். அந்த வரிக்குள் எங்கள் அப்பா டார்ச் லைட்டோடு நடந்து போகிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஆமாப்பா, அதுவும்தான்" என்றேன்.

"சரி, சொல்லிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒருத்தனும் சொல்லலியே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் சப்-ஸ்டேஷனிலும், சிலர் கண்ட்ரோல் ரூமிலும் உட்காரப் போகிறோம். ஒரு ஃபீடரை எந்த நேரத்தில் கொடுப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் இருப்போம். இன்று பகலில் தாராளமாகக் கிடைக்கும் சூரிய மின்சாரத்தைக் கொண்டு விவசாயிக்குப் பகலிலேயே மின்சாரம் கொடுக்க வழி இருக்கிறது. சமநிலையும் கெடாது, இருட்டில் நடக்கவும் வேண்டாம். அப்படி முடியாத நாளில், ஏன் முடியவில்லை என்பதையாவது கேட்பவருக்குப் புரியும் பாஷையில் சொல்ல வேண்டும். 50 ஹெர்ட்ஸைக் காப்பது போலவே அதுவும் நம் கடமை என்று கூறி, இக்கட்டுரையில் பிழை இருந்தால் பொறுத்துச் சுட்டிக்காட்டுமாறு கேட்டு முடிக்கிறேன்.